மறையும் நோட்டும் எகிறும் நோட்டும்: பேஸ் கிட்டாரில் கம்ப்ரசர், ஒரு நிகழ்வு ஆய்வு

நான்கு பேர் கொண்ட ஒரு இசைக்குழு. பதிவுக்கு எடுத்துக்கொண்ட பாட்டின் வேகம் 96 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 96 பீட். பேஸ் வாசிப்பவரிடம் இருப்பது ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸ். சரணம் முழுக்க விரல் வாசிப்பு, ஓடிக்கொண்டே இருக்கும் எய்த் நோட்டுகள் (அரை பீட்டுக்கு ஒன்று). பல்லவிக்கு ஸ்லாப், அதாவது கட்டைவிரலால் கம்பியை அறைந்தும், மற்ற விரலால் இழுத்துத் தெறிக்க விட்டும் (‘பாப்’) வாசிப்பது. நடுவில் வரும் பிரிட்ஜில் தாழ்ந்த பி கம்பியில் நீண்டு நிற்கும் நோட்டுகள், அவற்றின் மேல் சின்னச் சின்ன ஃபில் (இடைவெளியை நிரப்பும் சிறு அலங்காரம்).

குழுவில் மற்ற மூவருக்கும் இருந்த புகார் இதுதான்: சரணத்தில் பேஸ் காணாமல் போகிறது, பல்லவியில் எகிறி அடிக்கிறது, பிரிட்ஜில் குமுறுகிறது. வாசிப்பவர் ஒரு கம்ப்ரசர் பெடல் வாங்கினார். ஓர் எல்லையைத் தாண்டும் சத்தத்தைத் தானாக அமுக்கும் கருவி அது. எவ்வளவு அமுக்குவது என்பது ரேஷியோ, எவ்வளவு வேகமாக அமுக்கத் தொடங்குவது என்பது அட்டாக், எவ்வளவு வேகமாகப் பிடியை விடுவது என்பது ரிலீஸ். அவர் வைத்தது: ரேஷியோ 20:1, அட்டாக்கும் ரிலீஸும் அதிவேகம், இன்புட் நன்றாக ஏற்றி வைத்தது. அதன் பிறகு புகார் வேறு மாதிரி வந்தது. “இப்போ எல்லா நோட்டும் கேக்குது, ஆனா எதுவுமே முன்னால வரல” என்றார் டிரம்மர். தாழ்ந்த நோட்டுகளில் ஒரு கரகரப்பு சேர்ந்திருந்தது. வாசிப்பு நிற்கும் இடங்களில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் மேலே ஏறி வந்தது. இந்த நிலையில்தான் பதிவு என் கைக்கு வந்தது.

பேஸ் வாசிக்கத் தொடங்கிய பலருக்கும் முதல் கம்ப்ரசரோடு ஏறக்குறைய இதே அனுபவம்தான் கிடைக்கிறது. அதனால்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன். “பேஸ் சமமாக இல்லை” என்று ஒற்றை வரியில் சொல்லப்பட்ட குறைக்குள் தனித்தனிக் காரணங்கள் பல இருந்தன. கம்ப்ரசர் தீர்க்கக்கூடியவை அவற்றில் சில மட்டுமே.

பேஸுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு

ஐந்து கம்பி பேஸின் தாழ்ந்த பி ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ். ஈ 41, ஏ 55, டி 73, ஜி 98. இந்தப் பகுதியில் நம் காது நடந்துகொள்ளும் விதமே வேறு. 1933-இல் ஃப்ளெட்சரும் மன்ஸனும் வெளியிட்ட சம உரப்புக் கோடுகளை (ஒவ்வொரு அதிர்வெண்ணும் காதுக்கு ஒரே அளவு சத்தமாகக் கேட்க எவ்வளவு பலம் வேண்டும் என்று காட்டுபவை) பார்த்தால், தாழ்ந்த அதிர்வெண்களில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடப்பது தெரியும். தாழ்ந்த சுருதிகள் காதில் விழவே நிறைய சக்தி வேண்டும். விழத் தொடங்கிய பிறகோ, சில டெசிபல் கூடினாலே உரப்பு வேகமாக ஏறிவிடுகிறது. பாடகரின் குரலில் 3 டெசிபல் ஏறி இறங்கினால் அது உணர்ச்சி வெளிப்பாடு என்று ரசிக்கிறோம். அதே 3 டெசிபல் பேஸில் ஏறி இறங்கினால் ஒரு நோட்டு இருக்கிறது, அடுத்தது இல்லை என்றே தோன்றும்.

கம்ப்ரசர் செய்வது எளிய கணக்கு. த்ரெஷோல்ட் (அமுக்கம் தொடங்கும் எல்லை) -20 டெசிபல், ரேஷியோ 4:1 என்று வைத்தால், -12-இல் வரும் நோட்டு எல்லையை 8 டெசிபல் தாண்டுகிறது. வெளியே வரும்போது 2 மட்டுமே தாண்டி -18-இல் நிற்கும். 6 டெசிபல் குறைந்தது. எல்லைக்குக் கீழே இருந்த மெல்லிய நோட்டுகளை கம்ப்ரசர் தொடுவதே இல்லை. அவை மேலே வருவதெல்லாம் அமுக்கிய பிறகு மொத்தத்தையும் ஏற்றும் மேக்கப் கெயினால்தான், அவற்றோடு இரைச்சலும் விரல் உரசலும் சேர்ந்தே வரும். பெடலில் கேட்ட ‘ஸ்ஸ்’ இப்படித்தான் வந்தது. பெடல் பழுதில்லை. கெயின் ரிடக்‌ஷன் மீட்டர் (எத்தனை டெசிபல் அமுக்கப்படுகிறது என்று காட்டுவது) 15 டெசிபலைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி வைத்துவிட்டு, இழந்த சத்தத்தை அவுட்புட்டில் திருப்பி ஏற்றினால் வேறு என்ன நடக்கும்?

பெடலைக் கழற்றிவிட்டுக் கேட்டது

முதல் வேலையாகப் பெடலை எடுத்துவிட்டு, பேஸை டிஐ பாக்ஸ் (ஆம்ப் இல்லாமல் பேஸின் சிக்னலைப் பதிவுக் கருவிக்கு அனுப்பும் பெட்டி) வழியாக நேரே பதிவு செய்தோம். எந்த எஃபெக்டும் இல்லாத ட்ராக்கைக் கண்ணாலும் பார்க்க வேண்டும், காதாலும் கேட்க வேண்டும். அலைவடிவத்தைப் பெரிதாக்கியதும் பல விஷயங்கள் உடனே பிடிபட்டன.

சரணத்தில் மறைந்த நோட்டுகளில் பாதிக்கு மேல் ஜி கம்பியில் இருந்தன. கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப் அந்தப் பக்கம் தாழ்ந்தும், பி, ஈ பக்கம் உயர்ந்தும் இருந்தது. ஸ்க்ரூவைத் திருப்பி ஜி பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பி பக்கத்தைக் கொஞ்சம் இறக்கினோம். அவ்வளவுதான், கம்ப்ரசரின் மேல் சுமத்தப்பட்டிருந்த பாரத்தில் பெரும்பகுதி அங்கேயே குறைந்தது.

அப்படியும் ஜி கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கம்பிக் கட்டு) சி நோட்டு மட்டும் பிடித்தவுடன் செத்துப்போனது. போல்ட்-ஆன் கழுத்துள்ள (கழுத்தை உடலோடு ஸ்க்ரூவால் பொருத்திய) பேஸ்களில் ஐந்து முதல் ஏழு ஃப்ரெட் வரை இப்படி ஒரு ‘டெட் ஸ்பாட்’ இருப்பது பரவலாகத் தெரிந்ததுதான். கம்பியின் அதிர்வைக் கழுத்தே வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த நோட்டின் வாலைக் கொஞ்சம் நீட்டிக் காட்டும், ஆனால் இல்லாத அதிர்வை உண்டாக்காது. அதே சி டி கம்பியின் பத்தாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. அங்கே வாசிக்கச் சொன்னேன். ஒலி கொஞ்சம் தடித்தது, நோட்டு நின்றது.

அடுத்தது விரல்கள். ஆள்காட்டி விரல் அடிக்கும் நோட்டு பலமாகவும் நடுவிரல் அடிப்பது மெலிந்தும் மாறி மாறி வந்தன. அதற்கும் மேலே இன்னொரு ஏற்ற இறக்கம் இருந்தது: இரண்டாவது, நான்காவது பீட்டுகளில் ஒரு அழுத்தம். கேட்டேன்.

“ரெண்டுலயும் நாலுலயும் அழுத்தி வாசிக்கிறியே, தெரிஞ்சு செய்றதா தம்பி?”

“ஆமாண்ணா, ஸ்நேர் டிரம்மோட சேர்ந்து விழணும்னு.”

“அப்போ அதைத் தொடக் கூடாது. நடுவிரல் மட்டும்தான் நம்ம பிரச்சினை.”

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் இதுதான். அலைவடிவத்தில் இரண்டுமே மேடு பள்ளம்தான். நடுவிரலின் பலவீனம் தற்செயல், ஸ்நேரோடு சேரும் அழுத்தம் வாசிப்பின் உயிர். 20:1-இல் வைத்த பெடலுக்கு இந்த வேறுபாடு தெரியாது, அது இரண்டையும் சேர்த்தே நசுக்கியது. டிரம்மர் “எதுவுமே முன்னால வரல” என்று சொன்னது இந்த அழுத்தம் போன பிறகுதான். கம்ப்ரசரைத் திருப்புவதற்கு முன் எந்த மேட்டை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று வாசிப்பவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக ஸ்லாப். பாப் அடிகளின் உச்சம் சரணத்தின் விரல் நோட்டுகளை விட ஏறக்குறைய 10 டெசிபல் மேலே நின்றது. இது எல்லா ஸ்லாப் வாசிப்பிலும் எதிர்பார்க்கக்கூடியதே. கம்பி ஃப்ரெட்டில் மோதித் தெறிக்கும் அந்தக் கணம் மிகக் குறுகியது, மிகக் கூரானது.

கரகரப்பு எங்கிருந்து வந்தது

பேஸில் கம்ப்ரசர் பற்றிப் பேசுகிறவர்கள் ரேஷியோ பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஆனால் இந்தப் பாட்டில் கெட்டதும் தேறியதும் அட்டாக்கிலும் ரிலீஸிலும்தான்.

தாழ்ந்த பி நோட்டின் ஒரு முழு அலை முடிய 32 மில்லிசெகண்ட் ஆகிறது. மேல்முகடு ஒன்று, கீழ்முகடு ஒன்று என்று 16 மில்லிசெகண்டுக்கு ஒரு உச்சம். ஈ கம்பியில் ஒரு அலைக்கு 24 மில்லிசெகண்ட். இப்போது அட்டாக் 1 மில்லிசெகண்டுக்கும் கீழே, ரிலீஸ் 50 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். ஒவ்வொரு முகட்டிலும் கம்ப்ரசர் அமுக்குகிறது, அடுத்த முகடு வருவதற்குள் பிடியைக் கொஞ்சம் தளர்த்துகிறது, மறுபடி அமுக்குகிறது. நோட்டின் உரப்பைப் பின்தொடர வேண்டிய கருவி, நோட்டின் அலையையே பின்தொடரத் தொடங்கிவிடுகிறது. அலையின் வடிவம் மாறினால் இல்லாத ஹார்மானிக்குகள் (நோட்டின் மடங்கு அதிர்வெண்களில் வரும் துணை ஒலிகள்) முளைக்கும். பி, ஈ கம்பிகளில் மட்டும் கரகரப்பு, ஜி கம்பியில் சுத்தம் என்று கேட்டதன் காரணம் இதுதான். சில ராக் பாட்டுகளில் இந்தக் கரகரப்பை வேண்டுமென்றே வைப்பார்கள், நன்றாகவும் இருக்கும். இந்தப் பாட்டின் பிரிட்ஜ் அமைதியான இடம், அங்கே பொருந்தவில்லை.

ரிலீஸை நீட்டினால் கரகரப்பு போகும். எவ்வளவு நீட்டலாம்? 96 பிபிஎம்மில் ஒரு பீட் 625 மில்லிசெகண்ட், ஒரு எய்த் நோட் 312. ரிலீஸ் ஒரு செகண்டைத் தொட்டால், முதல் பீட்டில் பலமாக விழும் நோட்டு அமுக்கிய கெயின் மீண்டு வருவதற்குள் அடுத்து வரும் நோட்டுகள் கடந்துவிடும். சரணம் மறுபடி மறையும். 200 மில்லிசெகண்டில் வைத்தபோது, மீட்டரின் முள் நோட்டோடு இறங்கி, அடுத்த நோட்டு விழுவதற்குச் சற்று முன் பழைய இடத்துக்கு வந்தது. முள் பாட்டின் தாளத்தோடு மூச்சு விடுவது போல அசைந்தால் ரிலீஸ் சரியான இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ரிலீஸ் நேரத்தை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக அளக்கிறார்கள், ஒரு பெடலின் 200 இன்னொன்றின் 200 ஆகாது.

அட்டாக் விஷயத்தில் ‘வேகம்’ என்றால் நல்லது என்ற எண்ணமே பலரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. விரல் கம்பியை விட்டு விலகும் அந்த ‘டக்’ ஒலி நோட்டின் முதல் சில மில்லிசெகண்டுகளில்தான் இருக்கிறது. கிட்டார், கீபோர்டு, சிம்பல் எல்லாம் நிறைந்த மிக்ஸில் பேஸ் எங்கே தொடங்கியது என்று காதுக்குச் சொல்வது அந்த முனைதான். அதிவேக அட்டாக் அதைச் சீவி எறிகிறது. மீதி இருப்பது வட்டமான, பின்னால் நிற்கும் ஒலி. 25 மில்லிசெகண்டுக்குக் கொண்டுவந்ததும் முனை தப்பித்து வெளியே வந்தது, அதற்குப் பின்னால் வரும் உடல் மட்டும் அமுங்கியது. சரணம் அதே உரப்பில் சட்டென்று முன்னால் வந்து நின்றது.

இதை ஒப்பிடும்போது ஒன்றைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். கம்ப்ரசர் ஆனில் இருக்கும்போதும் ஆஃபில் இருக்கும்போதும் உரப்பு சமமாக இருக்கும்படி மேக்கப் கெயினை வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலும் காது அதைத்தான் “நல்லா இருக்கு” என்று சொல்லும். இதைச் செய்யாமல் கொடுக்கப்படும் எந்தத் தீர்ப்பையும் நான் ஏற்பதில்லை.

பல்லவிக்கு இன்னொரு கம்ப்ரசர்

25 மில்லிசெகண்ட் அட்டாக்கில் ஒரு சிக்கல் உண்டு. விரல் நோட்டின் முனையை விட்டுவைக்கும் அதே தாராளம் பாப் அடியின் ஊசியையும் விட்டுவிடும். ஒரே கம்ப்ரசரை இரண்டுக்கும் இழுத்தால் இரண்டுமே அரைகுறையாகும். அதனால் வரிசையாக இரண்டு வைத்தோம். முதலில் வருவது உச்சங்களை மட்டும் பிடிப்பது. அடுத்தது மெதுவாக மொத்த அளவைச் சமன் செய்வது.

பழைய ஸ்டூடியோக்களில் பேஸுக்கும் பாடகருக்கும் 1176, எல்ஏ-2ஏ என்ற இரண்டு கம்ப்ரசர்களையும் அடுத்தடுத்து மாட்டி வந்தது இதே நோக்கத்தில்தான். பில் புட்னம் வடிவமைத்து 1967-இல் வந்த 1176, எஃப்இடி வகை (ஒரு வகை டிரான்சிஸ்டரால் அமுக்குவது). அதன் அட்டாக் 20 மைக்ரோசெகண்டிலிருந்து 800 மைக்ரோசெகண்ட் வரை. அதாவது மிக ‘மெதுவான’ இடத்தில் வைத்தாலும் ஒரு மில்லிசெகண்டைத் தொடாது. கூடவே, அட்டாக், ரிலீஸ் குமிழ்களை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும், பெரும்பாலான கருவிகளுக்கு நேர் எதிர். த்ரெஷோல்ட் குமிழே கிடையாது. இன்புட்டை ஏற்றி உள்ளே இருக்கும் நிலையான எல்லையில் மோத விட வேண்டும். இது தெரியாமல் மென்பொருள் வடிவத்தில் அதைத் திறந்து “அட்டாக் 30 மில்லிசெகண்டில் வை” என்ற அறிவுரையைப் பின்பற்றப் பார்த்தால் அந்த இடமே அதில் கிடைக்காது. எல்ஏ-2ஏ ஒளியால் இயங்கும் ஆப்டிகல் வகை. அட்டாக் சராசரியாக 10 மில்லிசெகண்ட். ரிலீஸில் பாதி ஏறக்குறைய 60 மில்லிசெகண்டில் முடிந்துவிடும், மீதி அரை செகண்டிலிருந்து 5 செகண்ட் வரை நிதானமாக வரும். இரண்டே குமிழ்கள்: எவ்வளவு அமுக்குவது, எவ்வளவு ஏற்றுவது.

நாங்கள் இவற்றின் மென்பொருள் வடிவங்களையே பயன்படுத்தினோம். 1176 வகை 4:1-இல், பல்லவியின் பாப் அடிகளுக்கு மட்டும் 5, 6 டெசிபல் அசையும்படி. சரணத்தில் அதன் முள் அசையவே இல்லை. இரண்டாவது இடத்துக்கு எல்ஏ-2ஏ வகையைப் போட்டுக் கேட்டோம். இனிமையாக இருந்தது, ஆனால் அதன் நீண்ட வால் இரண்டு, நான்காம் பீட் அழுத்தத்தை மழுக்கியது. அதனால் அந்த இடத்துக்கு அட்டாக் 25, ரிலீஸ் 200 வைத்த சாதாரண விசிஏ வகையே (மின்னழுத்தத்தால் கெயினைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரசர்) வந்தது. ரேஷியோ 3:1, கெயின் ரிடக்‌ஷன் 2 முதல் 4 டெசிபல். நடுவிரலின் பலவீனம் மூடப்பட்டது, ஸ்நேரோடு சேரும் அழுத்தம் தங்கியது.

பிரிட்ஜில் அமுங்கிய ஃபில்

இது சற்று நுணுக்கமான விஷயம். பி கம்பி நீண்டு ஒலிக்கும்போது மேல் கம்பிகளில் வாசித்த ஃபில் தாழ்ந்து போனது. வாசிப்பில் குறையில்லை. கம்ப்ரசர் சத்தத்தை அளக்கும்போது அதிக மின்னழுத்தம் உள்ள பகுதிக்கே அதிக மதிப்புக் கொடுக்கும், பேஸில் அது தாழ்ந்த பகுதி. பி நோட்டு கம்ப்ரசரை அமுக்கிப் பிடித்திருக்க, கூடவே வந்த ஃபில்லும் அதே அமுக்கத்தில் மாட்டிக்கொண்டது.

சைட்செயினில் (கம்ப்ரசர் சத்தத்தை அளக்கக் கேட்கும் தனிப் பாதை) 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கும் ஹை-பாஸ் ஃபில்டரைப் போட்டதும் நிலைமை மாறியது. ஒலியிலிருந்து எதையும் வெட்டவில்லை. கம்ப்ரசரின் ‘காதில்’ மட்டும் தாழ்ந்த பகுதி குறைவாக விழுகிறது. ஃபில் எழுந்து வந்தது. பதிலுக்கு பி நோட்டின் மேல் கட்டுப்பாடு குறைந்தது. அதை பிரிட்ஜ் பகுதியில் மட்டும் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை) கையால் இறக்கிச் சரிசெய்தேன். இதற்கு, தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாக அமுக்கும் மல்டிபேண்ட் கம்ப்ரசர் போடுகிறவர்கள் உண்டு. ஒரு பாட்டில் ஒரு சிறு பகுதிக்கு ஃபேடரே போதும் என்பது என் கருத்து.

கிக் டிரம்மை சைட்செயினாகக் கொடுத்து, கிக் விழும்போதெல்லாம் பேஸைக் கொஞ்சம் தணிப்பதையும் முயன்றோம். இந்தக் குழுவில் பேஸும் கிக்கும் ஏற்கெனவே ஒட்டி விழுகின்றன, பயன் பெரிதாக இல்லை, எடுத்துவிட்டோம்.

ஹெட்ஃபோனில் கேட்டபடி வாசிக்கும்போது

பதிவின்போது இன்னொன்றையும் கவனித்தேன். ஹெட்ஃபோனில் கம்ப்ரசர் போட்ட ஒலியைக் கொடுத்தால் வாசிப்பவரின் கை மாறுகிறது. பலமாக அடித்தாலும் காதுக்கு அதே அளவுதான் வருகிறது, அதனால் விரல் இன்னும் பலமாக அடிக்கிறது. கம்பி ஃப்ரெட்டில் உரசுகிறது, சுருதி தொடக்கத்தில் சற்று மேலே போய் இறங்குகிறது, விரலும் சீக்கிரம் சோர்கிறது. கம்ப்ரசரைக் குறைத்துக் கொடுத்ததும் கை தளர்ந்தது. அதன் பிறகு, பதிவாவது சுத்தமான டிஐ, ஹெட்ஃபோனில் வருவது 2 டெசிபலுக்கு மேல் அமுக்காத ஒலி என்று முடிவு செய்துகொண்டோம். வீட்டுப் பயிற்சிக்கு பெடலே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நடுவிரலுக்குப் பலம் வர வேண்டுமானால் அதன் பலவீனம் காதில் விழ வேண்டும்.

மேடையில் ஒரே பெடலோடு

மேடையில் இரண்டு கம்ப்ரசர், ஃபேடர் எல்லாம் நடக்காது. இருப்பது அந்தப் பழைய பெடல் ஒன்றுதான். ரேஷியோ 4:1, அட்டாக் பாதிக்கு மேல் மெதுவாக, ரிலீஸ் நடுவில். சரணத்தை வாசித்தபடி இன்புட்டை ஏற்றி, மீட்டரில் 3 டெசிபல் தெரியும் இடத்தில் நிறுத்தினோம். பல்லவியில் அது தானாகவே 6, 7 வரை போகும், பாப் அடிகளின் கூர்மை கொஞ்சம் மிஞ்சும். மேடையில் அது கெடுதலில்லை. ஆம்பும் ஸ்பீக்கரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் மழுக்குகின்றன. கலவைக் குமிழ் உள்ள பெடலாக இருந்திருந்தால், பலமாக அமுக்கிய ஒலியோடு சுத்தமான ஒலியைக் கலந்து இதே பலனை இன்னும் எளிதாகப் பெற்றிருக்கலாம்.

பெடல்களின் வரிசையும் மாறியது. அவரிடம் என்வலப் ஃபில்டர் ஒன்று இருக்கிறது, அது விரலின் பலத்தைப் பார்த்துத்தான் வாய் திறக்கும். கம்ப்ரசருக்குப் பின்னால் இருந்தபோது ஏறக்குறைய ஒரே மாதிரி ‘வா’ சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அது முன்னால், கம்ப்ரசர் அடுத்து, ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் அதற்கும் பின்னால். ஓவர்டிரைவ் தானே நன்றாக அமுக்கும் என்பதால், அதை மிதிக்கும் பாட்டுகளில் கம்ப்ரசரை அணைத்துவிடுகிறார்.

குழு அடுத்து எடுத்த பாட்டு 132 பிபிஎம். ஒரு எய்த் நோட்டுக்கு 227 மில்லிசெகண்ட்தான் கிடைக்கிறது. பழைய இடத்திலேயே இருந்த ரிலீஸில் முள் திரும்பி வர நேரமில்லாமல் இழுத்துக்கொண்டே நின்றது. வாசிப்பவர் யாரையும் கேட்காமல் தானே குமிழைத் திருப்பி, நோட்டுக்கு நோட்டு முள் மீளும் இடத்தில் வைத்தார். அந்த வேகத்தில் ஈ கம்பியில் லேசான கரகரப்பு எட்டிப் பார்க்கிறது. அட்டாக்கை இன்னும் மெதுவாக்கினால் அது குறைகிறது. இந்தப் பாட்டுக்கு அது இருக்கட்டும் என்கிறார் டிரம்மர், வேண்டாம் என்கிறார் பாடகர்.